எமிலியம்மா எல்லை தாண்டிய நாள்

அயல்நாட்டார் பதிவுப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்குச் சட்டம் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். சுற்றறிக்கைகள் அலமாரி கொள்ளாமல் கிடக்கின்றன. அவற்றில் நான் கை வைக்கப்போவதில்லை. என் உத்தியோகத்தில் ஒரே ஒரு நாள் நடந்ததை மட்டும் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

"மதப்பணி, தற்காலிகம்" என்று போட்ட விண்ணப்பங்கள் உங்கள் மேசைக்கு வரும். வியாபாரத்துக்கு வருகிறவனிடம் சரக்கு எங்கே என்று கேட்கலாம். படிக்க வருகிறவனிடம் கல்லூரி எது என்று கேட்கலாம். மதப்பணிக்கு வருகிறவரிடம் என்ன வேலை செய்வீர்கள் என்று கேட்டால் ஒரு வரியில் பதில் வராது. காலையில் ஜெபம் செய்கிறவர் பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் நிற்பார், மத்தியானம் புண்ணுக்குக் கட்டுப் போடுவார். நாம் கொடுக்கிற அனுமதியோ ஒரு வருடத்துக்கு, ஓர் இடத்துக்கு, ஒரு வேலைக்கு. இதில் ஏதாவது ஒன்று என்றைக்காவது மீறப்படும். மீறியவரை என்ன செய்வது என்பது சட்டத்தில் இருக்கிறது. மீறினாரா என்பதைத்தான் நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும்.

அப்போது புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். நான் சமஸ்தானப் போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். திருச்சிக்குப் போகும் ரயில் பாதையில் ஒரு சின்ன ஊரில் ஸ்டேஷன். அங்கிருந்து குன்றாண்டார்கோவில் வழியாகக் கிழக்கே போனால் சமஸ்தானம் முடிந்து தஞ்சாவூர் ஜில்லா தொடங்கிவிடும். அது பிரிட்டிஷ் நிலம். எங்கள் அதிகாரம் எல்லைக்கல்லோடு நின்றுவிடும்.

ஊருக்கு வெளியே ஒரு மடமும் அதை ஒட்டிச் சின்ன ஆஸ்பத்திரியும் இருந்தன. கன்னியாஸ்திரீகள் நடத்தினார்கள். அவர்களில் பிரசவம் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர்தான். பெயர் எமிலியா, இத்தாலிக்காரர். ஜனங்களுக்கு எமிலியம்மா. மதப்பணிக்கென்று வருடா வருடம் புதுப்பிக்கிற தற்காலிக அனுமதியில் இருந்தார். புதுப்பிக்க வரும்போது என் எதிரில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருப்பார். தமிழை அவர் புத்தகத்தில் கற்கவில்லை, வலியில் கிடந்த பெண்களிடம் கற்றிருந்தார். அதனால் "இடுப்பு கடுக்குதா", "பனிக்குடம் ஒடஞ்சுச்சா" என்றெல்லாம் நம் ஊர்ப் பெண் மாதிரியே பேசுவார். "விதி", "நிபந்தனை" என்று நான் ஏதாவது சொன்னால் விழிப்பார்.

ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்தது. இத்தாலியும் எதிர்ப்பக்கம் சேர்ந்துகொண்டதாகச் செய்தி வந்தது. அதுவரை கன்னியாஸ்திரீயாக இருந்தவர் அன்றிலிருந்து எதிரிநாட்டுப் பிரஜை ஆனார். மடத்து வளாகத்தை விட்டு வெளியே வரக்கூடாது, தினமும் காலையில் போலீஸ் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று உத்தரவு. நான்தான் போய்ப் பார்ப்பேன். வாசலில் வந்து நின்று, "இருக்கேன், சார்" என்பார். நான் திரும்பிவிடுவேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள் சாயங்காலம் புதுக்கோட்டையிலிருந்து தனி ஆளிடம் உத்தரவு வந்தது. மறுநாள் பிற்பகல் ரயில் வண்டியில் எமிலியம்மாவை ஏற்றி அனுப்ப வேண்டும். திருச்சியில் பிரிட்டிஷ் போலீசிடம் ஒப்படைத்தால், எதிரிநாட்டாரை அடைத்துவைக்கும் முகாமுக்கு அவர்கள் கொண்டுபோவார்கள். இன்ஸ்பெக்டரே ஒரு பெண் காவலாளியுடன் அதே வண்டியில் புதுக்கோட்டையிலிருந்து வருவார். நான் பிளாட்பாரத்தில் ஆளை நிறுத்தியிருக்க வேண்டும். கடைசி நேரம் வரை யாருக்கும் தெரியக்கூடாது. எங்கள் ஊரில் அதைப் படித்தது நான் மட்டும்.

மறுநாள் காலை வழக்கம்போல் மடத்துக்குப் போனேன். "இருக்கேன், சார்" என்ற குரல் வரவில்லை. மூத்த சகோதரி வந்து நின்றார். மங்களூர்ப் பக்கத்துக்காரர். முகம் வெளிறியிருந்தது.

"எமிலியா வெளிய போயிருக்காங்க" என்றார்.

"எங்கே?"

"விடியும்போது ஒரு ஆள் மாட்டுவண்டி கட்டிக்கிட்டு வந்தான். பொஞ்சாதிக்குக் கொழந்தை குறுக்கே கிடக்குதாம், கை வெளிய வந்திருச்சாம். கதவைப் பிடிச்சிக்கிட்டு அழுதான். நான் போகாதேன்னு சொன்னேன். கேக்கலை."

"எந்த ஊர்?"

"குன்றாண்டார்கோவில் தாண்டிக் கிழக்கேன்னான். சிங்காரம்னு பேர் சொன்னான். ஊர்ப் பேரு எனக்கு வாயில நிக்கலை."

கிழக்கே தஞ்சாவூர் ஜில்லா. அதற்கும் கிழக்கே காரைக்கால், பிரெஞ்சுக்காரர் துறைமுகம், பிரிட்டிஷ் போலீஸ் நுழைய முடியாத இடம். கொண்டுபோகப் போகிறார்கள் என்ற ரகசிய உத்தரவு வந்த மறுநாள் விடியற்காலையில், எதிரிநாட்டுப் பெண் ஒருத்தி கிழக்கே கிளம்பிப் போயிருக்கிறாள். தற்செயல் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? உத்தரவு வெளியே போயிருந்தால், சந்தேகம் என் ஒருவன்மேல்தான் விழும்.

நேரே ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனேன். எதிரிநாட்டார் ஒருவரைக் காணவில்லை என்றால் உடனே தலைமையிடத்துக்கும் அக்கம்பக்கத்து ஜில்லாக்களுக்கும் தந்தி கொடுக்க வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் தந்திக் காகிதத்தை என் முன்னால் வைத்தார். பேனாவைத் திறந்துகொண்டு நின்றேன். என்ன எழுதுவது? "காணவில்லை" என்றா, "தப்பிவிட்டார்" என்றா? காணவில்லை என்று நான் எழுதினாலும் படிக்கிறவன் தப்பிவிட்டார் என்றுதான் படிப்பான். பிறகு அவரைத் தேடி வருகிறவர்களின் கையில் துப்பாக்கி இருக்கும். மடத்தில் இருந்த மற்ற வெளிநாட்டுச் சகோதரிகளின் அனுமதியும் அன்றே ரத்தாகும். கொடுத்த தந்தியைத் திரும்ப வாங்க முடியாது.

எழுதாமல் விட்டு, அவர் உண்மையிலேயே ஓடியிருந்தால்? நான் வேண்டுமென்றே அவகாசம் கொடுத்ததாகத்தான் ஆகும். வேலை மட்டும் போகாது. போர்க்காலத்தில் எதிரிக்கு உதவியவனுக்கு என்ன தண்டனை என்று எனக்குத் தெரியும்.

பேனாவை மூடினேன். கான்ஸ்டபிள் முத்தையாவைக் கூப்பிட்டேன்.

"நான் வரதுக்குள்ள வண்டி வந்து இன்ஸ்பெக்டர் ஐயா இறங்கினா, அந்தம்மா பிரசவம் பாக்கப் போயிருக்காங்க, எஸ்.ஐ. கூட்டிட்டு வரப் போயிருக்காருன்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லாதே."

"தப்பிச்சிட்டாங்களான்னு கேட்டாங்கன்னா?"

"தெரியாதுன்னு சொல்லு. உண்மையிலேயே ஒனக்குத் தெரியாதுல்ல?"

சைக்கிளை எடுத்தேன். ஆடிக் காற்று பக்கவாட்டில் அடித்தது. செம்மண் கண்ணில் அப்பியது. குன்றாண்டார்கோவில் குடைவரைக்குக் கீழே ஒரு கிழவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். வண்டி ஒன்று போயிற்றா என்று கேட்டேன். "வெள்ளைத்துணி கட்டின அம்மா ஒருத்தங்க போனாங்க. மாட்டை ரொம்ப அடிச்சு ஓட்டுறான்" என்றார். ஒளிந்து போகிறவர் பட்டப்பகலில் திறந்த வண்டியிலா போவார் என்று ஒரு நிமிடம் தெம்பு வந்தது. தப்பிப் போகிறவரும் எல்லை வரை அப்படித்தானே போக வேண்டும் என்று அடுத்த நிமிடமே அந்தத் தெம்பு போயிற்று. பெடலை மிதித்தேன்.

ஒரு கண்மாய்க் கரையில் வண்டியைப் பிடித்தேன். எல்லைக்கல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கண்மாய்க்கு அந்தப்பக்கம் பத்துப் பதினைந்து கூரைகள் தெரிந்தன.

"நிறுத்து!" என்று கத்தினேன். மாடுகள் மிரண்டு நின்றன. சிங்காரம் வண்டியிலிருந்து குதித்து என் காலடியில் விழுந்தான். எமிலியம்மா இறங்கவில்லை. மடியில் மருந்துப்பையை அணைத்தபடி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அகப்பட்டுக்கொண்ட பயம் இல்லை. வழியில் ஒரு தடங்கல் வந்ததில் பொறுமை இழந்தவரின் முகம் அது.

"அந்தா தெரியுதுங்க என் வீடு" என்றான் சிங்காரம். "நேத்துப் பொழுது சாய எடுத்த வலிங்க. மருத்துவச்சி கைய விரிச்சிட்டா. விடுங்க, ஐயா."

"அந்த வீடு எந்த ஜில்லா?"

அவன் விழித்தான். "எங்களுக்கு என்னங்க ஜில்லா? இங்கிட்டு மாமன் வீடு, அங்கிட்டு என் வீடு."

நான் எமிலியம்மாவிடம் திரும்பினேன். கல்லைக் காட்டினேன். "சிஸ்டர், மடத்தை விட்டு வந்தது ஒரு தப்பு. அதை நான் எப்படியாவது சொல்லிக்கலாம். அந்தக் கல்லைத் தாண்டினா அது வேற. அங்கிட்டு பிரிட்டிஷ் நிலம். நீங்க எதிரிநாட்டு ஆளு."

"தெரியாது" என்றார். "கல்லு இருக்குன்னு எனக்குத் தெரியாது."

அப்போது நான் ஒரு முடிவு எடுத்தேன். ரகசியமாக வைக்கச் சொன்ன உத்தரவை அவரிடம் சொல்லிவிட்டேன். இன்று பிற்பகல் வண்டியில் உங்களை அனுப்ப வேண்டும், முகாமுக்கு, திரும்பி வரும் தேதி கிடையாது என்றேன். ஏன் சொன்னேன் என்று பின்னால் பலர் கேட்டார்கள். அவர் எல்லையைத் தாண்டுவதாக இருந்தால், எதைத் தாண்டுகிறோம் என்று தெரிந்தே தாண்டட்டும் என்று நினைத்தேன். இன்னொன்றும் உண்டு. கேட்டதும் அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க நினைத்தேன். போலீஸ்காரன் புத்தி.

அவர் விரல் ஒன்று கழுத்துச் சிலுவையைத் தடவியது.

"இன்னைக்கா?" என்றார்.

"இன்னைக்குத்தான்."

"அப்ப சீக்கிரம் போகணும்" என்று சொல்லிவிட்டு வண்டியிலிருந்து இறங்கினார். இறங்கியவர் நடக்கவில்லை. கல்லுக்கு இந்தப்பக்கம் நின்று என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லாம நான் போகமாட்டேன். நான் போனா மத்த சிஸ்டர்களுக்குக் கஷ்டம். நீங்க சொல்லுங்க."

முடிவை என் கையில் கொடுத்துவிட்டார். கண்மாய்க்கு அப்பாலிருந்து ஒரு பெண்ணின் அலறல் காற்றை மீறி வந்து பாதியில் நின்றது.

அந்த நேரத்தில் நான் யோசித்தது இதுதான். வளாகத்துக்குள் இரு, தினமும் முகத்தைக் காட்டு, எல்லை தாண்டாதே என்றெல்லாம் உத்தரவு போட்டது எதற்காக? இந்த ஆள் எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக. நான் கூடவே போனால் அது தெரியும். அங்கே எனக்கு அதிகாரம் கிடையாது, கண் இருக்கிறது.

"வாங்க" என்று சைக்கிளை உருட்டிக்கொண்டு முதலில் நான் கல்லைத் தாண்டினேன். அவர் என் பின்னால் வந்தார்.

வீடு என்பது ஒரே அறை. எமிலியம்மா உள்ளே போனதும் மருத்துவச்சியின் அழுகை நின்று, "வெந்நீ கொண்டாங்க", "காலைப் பிடிங்க", "செல்லாயி, என்னைப் பாரு, முக்காதே" என்று அவர் குரல் மட்டும் கேட்டது. நான் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றேன். கூரையின் பின்பக்கம் வேறு வழி இருக்கிறதா என்று ஒருமுறை சுற்றி வந்து பார்த்தேன். ஆமாம், பார்த்தேன். நம்பிக்கை வைத்தாயிற்று என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது.

சூரியன் உச்சிக்கு ஏறியது. எங்கள் ஊர்ப் பிளாட்பாரத்தில் யார் யார் நிற்பார்கள் என்று மனம் கணக்குப் போட்டது. அப்போது குடையோடு ஒருவர் வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, மேலே துண்டு. பின்னால் தலையாரி. அந்தக் கிராமத்தின் முன்சீப்.

"யாருங்க நீங்க? காக்கி போட்டிருக்கீங்க, நம்ம ஸ்டேஷன் ஆளு மாதிரித் தெரியலையே?"

சொன்னேன்.

"புதுக்கோட்டைப் போலீசுக்கு இங்க என்ன சோலி?"

"சோலி ஒண்ணுமில்லைங்க. உள்ள ஒரு சிஸ்டர் பிரசவம் பாக்குறாங்க. அவங்க என் காவல்ல இருக்காங்க."

"வெள்ளைக்காரங்களா?"

"இத்தாலிக்காரங்க."

குடையை மடக்கினார். "இத்தாலின்னா நம்ம சர்க்காரோட சண்டை போடுறவங்கதானே? அந்த நாட்டாளு யாரு வந்தாலும் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லணும்னு தாசில்தார் எங்களைக் கூப்பிட்டு வச்சுச் சொல்லியிருக்காரு."

"சொல்லணுங்க. சொல்ல வேண்டாம்னு நான் கேக்கலை."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் கெஞ்சுவேன் என்று எதிர்பார்த்திருப்பார் போலும். உண்மையில் கெஞ்ச வேண்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. தஞ்சாவூர்ப் போலீஸ் வந்து எமிலியம்மாவைப் பிடித்தால், எல்லை தாண்டி ஓடிவந்து அகப்பட்டவர் என்றுதான் பதிவாகும். நான் அவருடைய கூட்டாளி. ஆனால் ஒரு கிராம அதிகாரியிடம் அவருடைய கடமையைச் செய்யாதீர்கள் என்று சொல்கிறவன், பிறகு யாரிடமும் தன் கடமையைப் பற்றிப் பேச முடியாது.

"இந்தப் பிரசவம் முடியுற வரைக்கும் நான் இந்த எடத்தை விட்டு நகரமாட்டேன். அவங்களும் நகரமாட்டாங்க. முடிஞ்சதும் கூட்டிட்டு எல்லைக்கு அங்கிட்டுப் போயிருவேன். நீங்க என் பேரு, என் ஸ்டேஷன் பேரு எல்லாத்தையும் சொல்லியனுப்புங்க" என்றேன்.

உள்ளே செல்லாயி அலறினாள். முன்சீப் தலையைத் திருப்பினார். சிங்காரத்தின் தாய் வாசற்படியில் சுருண்டு கிடந்தாள். "எம்புட்டு நாழியா, ஆத்தா?" என்று அவளிடம் கேட்டார். அவள் கையை மட்டும் அசைத்தாள்.

அவர் தலையாரியிடம் திரும்பினார். "டேய், ஸ்டேஷனுக்குப் போயி விவரம் சொல்லிட்டு வா."

"சைக்கிளை எடுத்துக்கவாங்க?"

"சைக்கிள் பஞ்சர். நடந்து போ."

எந்தச் சைக்கிளைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. தலையாரியும் கேட்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வடக்கே நடந்தான். முன்சீப் வேப்பமரத்தடியில் எனக்கு எதிரில் உட்கார்ந்தார்.

எமிலியம்மா வெளியே வந்தபோது முழங்கை வரை ரத்தம். சிங்காரம் எழுந்து ஓடிவந்தான்.

"தாய் இருக்கு" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "பிள்ளை இல்லை. நான் வரும்போதே இல்லை" என்றார்.

சிங்காரம் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தான். நான் எமிலியம்மாவிடம் போய், "சிஸ்டர், கெளம்பணும்" என்றேன்.

"இல்லை. ரத்தம் நிக்கணும். நிக்காம நான் வரமாட்டேன்."

"தலையாரி ஸ்டேஷனுக்குப் போயிருக்கான். அந்தப் போலீஸ் வந்துட்டா என் பேச்சு எடுபடாது. அப்புறம் உங்களை நான் கூட்டிட்டுப் போக முடியாது."

"அவங்க வந்தா அவங்க கூட்டிட்டுப் போகட்டும். முகாம் முகாம்தானே? ரத்தம் நிக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கு நான் அதிகம் பயந்தது அப்போதுதான். இழுத்துக்கொண்டு போக எனக்கு அங்கே அதிகாரம் இல்லை. இருந்திருந்தாலும் அந்த வாசற்படியைத் தாண்டியிருப்பேனா என்று தெரியவில்லை. வடக்குப் பாதையையே பார்த்தபடி நின்றேன். ஒவ்வொரு முறை புழுதி கிளம்பும்போதும் கண்ணுக்குமேல் கை வைத்துப் பார்த்தேன். உள்ளே எமிலியம்மா, கிழவியை எழுப்பி உட்காரவைத்து, மருமகளின் அடிவயிற்றை எப்படி அமுக்கிப் பிசைந்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "இப்படி இல்லை ஆத்தா, இன்னும் அழுத்தி. உருண்டையா கல்லு மாதிரி ஆகணும். ஆச்சா? ஆகலைன்னா மறுபடி." கிழவிக்குக் கை பழகும் வரை விடவில்லை.

கடைசியில் கை கழுவிக்கொண்டு வந்தார். "இப்ப வாரேன்" என்றார்.

முன்சீப் எழுந்து நின்றார். எமிலியம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். சிங்காரத்தின் மாமன் வண்டியை ஓட்டினான். கல்லைத் தாண்டும்போதும் தாண்டிய பிறகும் நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். யாரும் வரவில்லை.

பிற்பகல் வண்டி போய்விட்டிருந்தது. இன்ஸ்பெக்டர் போகவில்லை. பிளாட்பாரத்துப் பெஞ்சில் தொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண் காவலாளி சற்றுத் தள்ளி நின்றிருந்தாள். முத்தையா ஒரு தூணோடு ஒட்டிக்கொண்டிருந்தான். நாங்கள் போய் நின்றோம்.

"எங்கய்யா இருந்தாங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

வழியெல்லாம் இந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடிக்கொண்டு வந்திருந்தேன். எல்லைக்கு இந்தப்பக்கம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாமன் வீடு இந்தப்பக்கம்தான் இருக்கிறது. சிங்காரம் சாட்சி சொல்வான், அந்த ஊரே சொல்லும். எமிலியம்மாவுக்கு நல்லது, எனக்கும் நல்லது. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரே சொன்னார்: "கல்லுக்கு அங்கிட்டு இருந்தேன்."

இன்ஸ்பெக்டர் அவரைப் பார்க்காமல் என்னையே பார்த்தார்.

"ஆமாங்க ஐயா" என்றேன். "எல்லையில நிறுத்தினேன். அப்புறம் நான்தான் கூட்டிட்டுப் போனேன். கண்ணுல இருந்து விடலை. அந்த ஊரு முன்சீப் வந்தாரு. அவர்கிட்டயும் மறைக்கலை."

"காரைக்கால் பக்கம்னு உனக்குத் தோணலையா?"

"தோணுச்சுங்க."

"உத்தரவை அவங்ககிட்டச் சொன்னியா?"

"எல்லையில வச்சுச் சொன்னேங்க."

"ரகசியம்னு போட்டிருந்துச்சே?"

அவர் எழுந்து வந்து எமிலியம்மாவின் முன்னால் நின்றார். அங்கியின் கைகளில் காய்ந்திருந்த கறையைப் பார்த்தார்.

"பிள்ளை பொழச்சுதா?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்லைங்க."

"தாயி?"

"இருக்குங்க."

தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "மொதல்ல அவங்களுக்குத் தண்ணி குடு, உக்கார வை" என்று முத்தையாவிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "நானும் தந்திக் காகிதத்தை வாங்கி வச்சுக்கிட்டுத்தான்யா உக்காந்திருந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தா அடிச்சிருப்பேன்."

மறுநாள் காலை வண்டியில் எமிலியம்மாவை நான் ஏற்றிவிட்டேன். அதற்கு அடுத்த நாள் தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து புதுக்கோட்டைக்குத் தகவல் வந்தது. எதிரிநாட்டு வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி எல்லை தாண்டி வந்ததாகவும், சமஸ்தானப் போலீஸ் என்று சொல்லிக்கொண்ட ஒருவன் கூட இருந்ததாகவும். தலையாரி மெதுவாக நடந்தான், ஆனால் போய்ச் சேர்ந்துவிட்டான். நாங்கள் முன்னாலேயே கொடுத்திருந்த விவரம் அதோடு ஒட்டி நின்றதால்தான் அது தப்பித்தலாகவோ சதியாகவோ ஆகவில்லை. பிளாட்பாரத்தில் நான் அந்த ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்லியிருந்தால், எங்கள் இருவரில் யாரையும் எவரும் நம்பியிருக்க மாட்டார்கள். எமிலியம்மாவை முள்வேலி முகாமுக்கு அனுப்பாமல், மலையில் பெண்களுக்கென்று இருந்த ஒரு விடுதியில் வைத்தார்கள். மற்றச் சகோதரிகளின் அனுமதி தப்பியது. உத்தரவை வெளியிட்டதற்கும் எல்லை தாண்டியதற்கும் எனக்குப் பதவி உயர்வு சில வருடம் நின்றது. அப்படிச் செய்யும்படி சிபாரிசு செய்தவர் அதே இன்ஸ்பெக்டர்தான். அதில் எனக்கு அவர்மேல் வருத்தம் இல்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

இதோடு முடிந்திருந்தால், நல்லபடியாக முடிந்த ஒரு வழக்கு என்று உங்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

எமிலியம்மா போய்ச் சில வாரம் கழித்து, ஒருநாள் காலையில் ஸ்டேஷன் வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. குடுமியான்மலைப் பக்கத்து ஆள், நடுத்தர வயது. வண்டிக்குள் வைக்கோல்மேல் அவர் மகள் கிடந்தாள். வலி எடுத்திருந்தது. மடத்துக்குப் போய்விட்டு வந்திருக்கிறார்கள். அங்கே காய்ச்சலுக்கு மருந்து கொடுக்க ஆள் இருந்தது, சிக்கலான பிரசவம் பார்க்க ஆள் இல்லை. போலீசுக்குத் தெரியும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"எமிலியம்மா எங்கங்க இருக்காங்க?" என்றார்.

"இங்க இல்லைங்க. அனுப்பியாச்சு."

"யாருங்க அனுப்பினது?"

சர்க்கார் என்று சொல்லியிருக்கலாம். போர், உத்தரவு, இத்தாலி என்று எத்தனையோ சொல்லியிருக்கலாம். அந்த ஆள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தாங்க. நான்தான் ரயிலேத்தி விட்டேன்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. வண்டிக்குள் எட்டி மகளைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "திருச்சிக்கு வண்டி இருக்குங்களா?" என்றார்.

"இருக்கு. இப்ப வந்துரும். பெரிய ஆஸ்பத்திரி இருக்கு அங்க."

மாட்டுவண்டி பிளாட்பாரம் வரை போகாது. அவர் மகளை இறக்கி ஒரு பக்கம் தாங்கினார். மறுபக்கம் நான் போய்த் தாங்கினேன். பாதித் தூரத்தில் அவளுக்கு வலி வந்தது. நின்றோம். அவள் என் சட்டைக் கையைப் பிடித்தாள். பிறகு மணிக்கட்டைப் பிடித்தாள். ரயில் வந்து நிற்கும் வரை விடவில்லை.